காட்மியம் ஆர்சனைடு படலம்: பிளாஸ்மாவா, மூடியா?

காட்மியம் ஆர்சனைடு ஒரு டிராக் அரை உலோகம்; அதாவது, எலக்ட்ரான்கள் நிறையே இல்லாத துகள்கள் போல நடந்துகொள்ளும் பொருள். அதை 20 நானோமீட்டர் அளவுக்கு மெல்லிய படலமாக வளர்த்தால், மின்கடத்தலில் மேற்பரப்பின் பங்கு பெரிதாகிவிடும். காற்று பட்டால் ஆக்சைடு படியும். எலக்ட்ரான் அடர்த்தியும் மாறலாம், சிதறலும் கூடலாம். காக்க இரண்டு வழிகளைப் பார்ப்போம்.

ஒன்று, குறைந்த ஆற்றல் நைட்ரஜன் பிளாஸ்மாவை (அயனிகள் நிறைந்த வாயு) மேற்பரப்பில் படவைப்பது. படலத்தை வெளியே எடுத்த பிறகும் செய்யலாம் என்பது வசதி. ஆனால் அயனிகளின் ஆற்றல் கொஞ்சம் கூடினாலும் காக்க வந்ததே காயப்படுத்திவிடும்.

மற்றொன்று, வளர்த்த வெற்றிடத்திலேயே காலியம் ஆன்டிமோனைடு போன்ற மூடி போடுவது. காற்றே படாததால் எனக்கு இதுதான் பிடிக்கும். சிக்கல் வெப்பத்தில்: அதிகம் சூடாக்கினால் அடியில் இருக்கும் காட்மியம் ஆர்சனைடே ஆவியாகிவிடும். சரி, குளிர்ச்சியாகவே வளர்க்கலாம் என்றால், மூடியின் படிகத்தரம் இறங்கும். மூடியே மின்சாரம் கடத்தினால் ஹால் அளவீடும் (காந்தப்புலத்தில் எழும் குறுக்கு மின்னழுத்தத்தை வைத்து எலக்ட்ரான் அடர்த்தியைக் கணிப்பது) குழம்பும்.

எதைச் செய்தாலும் ஹால் இயக்கத்திறனை (எலக்ட்ரான்கள் எவ்வளவு எளிதாக நகர்கின்றன என்று அந்த அளவீடு தரும் எண்) மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள். எலக்ட்ரான்களின் திசை லேசாக மட்டும் விலகும் சிறுகோணச் சிதறல் அதில் அவ்வளவாகத் தெரியாது; காந்தப்புலத்தை மாற்றும்போது மின்தடை ஏறி இறங்கும் குவாண்டம் அலைவுகள்தான் காட்டிக்கொடுக்கும்.