ஷோத்கங்கா: ஒரு கல்லூரி நூலகரின் மதிப்பீடு

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்துகொண்டு எங்கள் கல்லூரி நூலகத்துக்கு வரும் எவரும், அவர் தமிழ்த்துறையாக இருந்தாலும் இயற்பியல் துறையாக இருந்தாலும், முதல் வாரத்தில் கேட்பது ஒரே கேள்விதான்: "ஐயா, இந்தத் தலைப்பில் ஏற்கெனவே யாராவது பண்ணியிருக்கிறார்களா?" நான் பணியில் சேர்ந்த காலத்தில், பல்கலைக்கழக நூலகத்தின் ஆய்வேட்டுப் பிரிவுக்கு நேரில் சென்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள் என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இருந்ததில்லை. இப்போது மேசைக் கணினியின் திரையை அவர் பக்கம் திருப்பி ஷோத்கங்கா என்ற இணையக் களஞ்சியத்தைத் திறந்துவிடுகிறேன். மருத்துவம், அறிவியல், தமிழ், வரலாறு போன்ற கலைத்துறைகள் என மூன்று புலங்களுக்கும் அது ஒரே அளவில் கைகொடுப்பதில்லை என்பதை நாள்தோறும் பார்ப்பவன் என்பதால், இந்தச் சேவையைப் பற்றிச் சற்று விரிவாக எழுதலாம் என்று தோன்றியது.

குஜராத்தின் காந்திநகரில் உள்ள, பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும் இன்ஃபிலிப்நெட் மையம் நடத்தும், இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேட்டுக் களஞ்சியம் இது. ஆய்வேடுகளின் மின்வடிவைப் பல்கலைக்கழகங்கள் ஒப்படைக்க வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிமுறை வகுத்ததைத் தொடர்ந்து வளர்ந்த இக்களஞ்சியத்தில், இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பெயர் பதிந்து கடவுச்சொல் வாங்கும் வேலையும் இல்லை. மேலைநாட்டு ஆய்வேடுகளுக்குப் பெயர் பெற்ற ப்ரோகுவெஸ்ட் தரவுத்தளத்துக்குக் கல்லூரி சந்தா கட்ட வேண்டும். பிரிட்டிஷ் நூலகம் நடத்திய ஈத்தோஸ் என்ற ஆய்வேட்டுத் தளம் 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் முடங்கியபோது, அதை நம்பியிருந்தவர்கள் நெடுநாள் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். அந்த வகையில் நம்முடையது பெரிய கொடை என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆய்வேடு இங்கே ஒரே நூலாகக் கிடைக்காது. தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, நன்றியுரை, பொருளடக்கம், ஒவ்வோர் இயல், துணைநூற்பட்டியல் என்று துண்டு துண்டான கோப்புகளாக எண்ணிட்டு வைத்திருப்பார்கள். முழு ஆய்வேட்டையும் வேண்டுபவர் பதினைந்து முறை சொடுக்கித்தான் ஆக வேண்டும். ஆனால் என்ன இருக்கிறது என்று பார்க்க மட்டும் வந்தவருக்கு இந்த அமைப்பு வசதியானது. பொருளடக்கத்தையும், முடிவுரை அடங்கிய, 80 என்று எண்ணிட்ட பரிந்துரைக் கோப்பையும் மட்டும் இறக்கினால், ஆய்வாளர் எங்கே தொடங்கி எங்கே முடித்திருக்கிறார் என்பது கால்மணி நேரத்தில் விளங்கிவிடும். நெறியாளர்களில் பலருக்கே அந்த 80ஆம் எண் கோப்பைப் பற்றித் தெரிவதில்லை.

இக்களஞ்சியத்தால் மிகுதியும் பயன்பெறுபவர்கள் தமிழ், வரலாறு, நாட்டாரியல், மானிடவியல் ஆகிய துறையினர் என்பது என் கணிப்பு. இத்துறைகளில் ஆய்வேடு நூலாக அச்சேறுவது அரிது; அச்சேறினாலும், பதிப்பகத்தார் முதலில் கைவைப்பது பின்னிணைப்பில்தான். கள ஆய்வில் கிடைத்த சரக்கோ அந்தப் பின்னிணைப்பில்தான் இருக்கும். கடலோர ஊர்களின் தொழிற்சொற்களை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மாணவிக்காகத் தேடியபோது கண்ணில் பட்ட ஓர் ஆய்வேட்டை இன்னும் மறக்கவில்லை. அதன் இயல்கள் வழக்கமான கோட்பாட்டு விளக்கங்களாக இருந்தன. கடைசிக் கோப்பிலோ வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றின் பெயர்களும், ஒவ்வொன்றும் எந்தத் திசையிலிருந்து வரும், அப்போது எந்த வலையை எடுத்துக்கொண்டு போவார்கள் என்ற விவரங்களும், தகவலாளியின் வயதோடும் ஊரோடும் வரிசையாக இருந்தன. இறுதியில் கையால் வரைந்த ஒரு கரை வரைபடம். இருநூறு பக்கக் கோட்பாட்டைவிட அந்தப் பன்னிரண்டு பக்கங்களே அந்த மாணவியை இரண்டு மாதம் ஓட வைத்தன.

இவ்வளவு செல்வத்தைத் தேடி எடுப்பதுதான் கடினம். தமிழ் ஆய்வேடுகளின் தலைப்பு சில இடங்களில் தமிழ் எழுத்திலும், சில இடங்களில் ஆங்கில மொழிபெயர்ப்பிலும், பல இடங்களில் ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்தும் பதிவாகியிருக்கிறது. சிலப்பதிகாரத்தின் முதலெழுத்தை ஒருவர் 'எஸ்' என்று எழுதுவார், இன்னொருவர் 'சி' என்று எழுதுவார். இடையில் வரும் தகரத்துக்கு 'எச்' சேர்ப்பவர் ஒருவர், விடுபவர் ஒருவர். ஒரு காப்பியத்தின் பெயரை நான்கு விதமாக எழுத்துக்கூட்டித் தேடிய பிறகே, அதன்மீது நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி கிடைத்ததாக நான் நிம்மதி அடைவேன். கோப்புக்கு உள்ளே தேடலாம் என்றால், பழைய ஆய்வேடுகள் பாமினி போன்ற, ஒருங்குறிக்கு (யூனிகோடு) முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சானவை. திரையில் அழகான தமிழாகத் தெரியும் பத்தியைப் படியெடுத்து வேறிடத்தில் ஒட்டினால், ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த கூட்டாஞ்சோறாக வந்து விழும். கருத்துத்திருட்டைக் கண்டறியும் மென்பொருளுக்கும் இதே கதிதான். 2018ஆம் ஆண்டின் மானியக் குழு விதிமுறை பத்து விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை கூடாது என்று சொன்னாலும், பாமினியில் உறங்கும் பத்தி எந்த ஒப்பீட்டிலும் சிக்காது. அனுபவமுள்ள நெறியாளரின் நினைவுதான் இங்கே இன்னும் நம்பகமான கருவி.

அறிவியல் ஆய்வாளர்களுக்கு நிலைமை வேறு. புதிய முடிவு எதுவாயினும் அது முதலில் ஆய்விதழில் கட்டுரையாக வந்துவிடும். ஆய்வேடு களஞ்சியத்தை அடையும்போது அது பழைய செய்தி. 2025 ஜனவரியில் தொடங்கிய 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின்கீழ் 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ள நிலையில், அங்கே படிப்பவர்களுக்கு ஷோத்கங்காவின் தேவை இன்னும் குறைந்திருக்கிறது. ஆயினும், கட்டுரையில் ஒரு வரியில் முடியும் செய்முறை ஆய்வேட்டில் பத்துப் பக்கம் விரியும். கரைசலை மெதுவாக ஆவியாக்கிப் படிகம் வளர்க்கும் வேதியியல், இயற்பியல் ஆய்வுகள் தமிழ்நாட்டில் ஏராளம். எந்த வெப்பநிலையில் வைத்தார்கள், எத்தனை நாள் காத்திருந்தார்கள், எது கலங்கிப் போயிற்று என்பதைத் தெரிந்துகொள்ள அந்த இயல்களைப் படித்தே ஆக வேண்டும். அதற்கு அடுத்த இயல்கள், எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவு முதல் கடினத்தன்மைச் சோதனை வரை, ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது போலவே இருக்கும். அவற்றை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவத்தில் ஷோத்கங்கா மெலிந்தது என்றே சொல்ல வேண்டும். காரணம் எளிது: மருத்துவர்களின் ஆய்வில் பெரும்பங்கு முனைவர் பட்டத்துக்காக நடப்பதில்லை, எம்.டி., எம்.எஸ். பட்ட மேற்படிப்பின் பகுதியாக நடக்கிறது. அவை இந்தக் களஞ்சியத்துக்கு வருவதில்லை. மருந்தியல், செவிலியம் போன்ற துறைகளின் முனைவர் ஆய்வேடுகள் இங்கே உண்டு. நோயாளியின் படுக்கை அருகே நடந்த ஆய்வு வேண்டும் என்று வருபவரை, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தனிக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிடுகிறேன். அதுவும் கட்டணமற்றது, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியின் ஆய்வுகள்கூட அங்கே இருக்கின்றன. அவற்றின் கடைசிப் பக்கங்களில் 'மாஸ்டர் சார்ட்' என்று ஓர் அட்டவணை இருக்கும்: ஒரு நோயாளிக்கு ஒரு வரிசை, வயது, பால், அளவீடுகள், விளைவு. ஆய்வாளரின் முடிவை ஏற்காதவர் அந்த வரிசைகளை எடுத்துத் தாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அதற்கு முன்பக்கத்தில் இருக்கும் 'சுய ஒப்புதல் படிவம்' தமிழில் இருக்கும். ஆங்கிலத்தில் நூறு பக்கம் எழுதிய மருத்துவர், கையெழுத்திடும் நோயாளிக்கு அதே ஆய்வை அரைப் பக்கத் தமிழில் எப்படிச் சொன்னார் என்பதைப் படிக்க எனக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. சில படிவங்கள் தெளிவானவை. சிலவற்றை நோயாளி புரிந்துகொண்டு கையெழுத்திட்டிருக்க வாய்ப்பே இல்லை.

தரத்தைப் பொறுத்தவரை, பதிவேற்றுவது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு என்பதை நினைவில் கொள்ள வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டில் மூன்றாம் இயல் தலைகீழாக வருடப்பட்டிருந்தது (ஸ்கேன்). மாணவர் மடிக்கணினியைக் கவிழ்த்து வைத்துப் படித்தார்.

2009க்கு முந்தைய ஆய்வேடுகளில் எவை ஏறியிருக்கின்றன, எவை இல்லை என்பதும் பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். மேலே சொன்ன காற்றுப் பெயர்களின் மாணவி, அந்த ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் 1980களில் எழுதப்பட்ட இன்னோர் ஆய்வேட்டின் பெயரைக் கண்டுபிடித்து என்னிடம் கொண்டுவந்தார். நான்கு விதமாக எழுத்துக்கூட்டித் தேடியும் கிடைக்கவில்லை. கல்லூரி முதல்வரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கொடுத்தேன். இரவுப் பேருந்தில் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்று, ஒளிப்படி எடுக்க அனுமதி இல்லை என்று சொல்லிவிட்டதால், இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்து நாற்பது பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வந்தார்.