பல்சர்ல டபுள்ஸ்: காத்தும் ஷாக்கப்பும் எட்டு வருஷமும்

வண்டி 2017 பல்சர் 150. இதுவரைக்கும் 61,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு, அதுல பாதிக்கு மேல பின்னாடி ஆள வச்சுக்கிட்டு ஓட்டினதுதான். ஊரு பெங்களூரு, வீடு பொம்மனஹள்ளி, ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. வீட்டுக்காரம்மாவ பாதி வழியில எறக்கி விடணும், வெள்ளிக்கிழமையானா அம்மாவ அல்சூர் சோமேஸ்வரர் கோவிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அம்மா 72 கிலோ, புடவை, ஒரு பக்கமாத்தான் உக்காருவாங்க. நான் 68.

முதல் நாலு வருஷம் காத்து அடிக்கிறதுன்னா எனக்கு ஒரே நம்பர்தான். பஞ்சர் கடையில எஷ்டு ஹாக்லின்னு (எவ்ளோ வைக்கட்டும்னு) கன்னடத்துல கேப்பான், நான் முன்னாடி 25 பிஎஸ்ஐ (காத்தழுத்தத்தோட அளவு), பின்னாடி 28னு சொல்லுவேன், அவ்ளோதான். அது சிங்கிள்ஸுக்கு, அதாவது தனியா ஓட்டுறதுக்கு உள்ள கணக்கு. டபுள்ஸுக்குப் பின்னாடி 32, முன்னாடி அதே 25னு மேனுவல்லயே போட்டிருக்கு, ஆனா மேனுவல யாரு பிரிச்சுப் பாத்தா, அது ஆர்சி புக் கூட ஒரு கவர்ல தூங்கிட்டு இருந்துச்சு. பின்சக்கரத்து ஷாக்கப்ல (ஷாக் அப்சார்பர்) ஸ்பிரிங்க அமுக்கி வைக்க அஞ்சு நாட்ச் இருக்குன்னும் தெரியும், வாங்கின அன்னிக்கு எதுல இருந்துச்சோ அதுலயே விட்டுட்டேன்.

2021 மழைக்கு அப்புறம் எங்க ரோடு எப்படி இருந்துச்சுன்னு இங்க இருக்கறவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. ஒவ்வொரு ஹம்ப்லயும் (ஸ்பீட் பிரேக்கர்) டொக், ஒவ்வொரு பள்ளத்துலயும் டொக். அம்மாவுக்கு ஏற்கனவே இடுப்பு வலி, பின்னாடியிலேர்ந்து "ஐயோ முருகா"ன்னு ஒரு சத்தம் வரும், எனக்கு ஹாண்டில்பார புடிச்சிருக்கவே கூச்சமா இருக்கும். பெரிய ஹம்ப்ல சென்டர் ஸ்டாண்டு தரையில உரசும். சரி வெயிட் தாங்கல, காத்த ஏத்துவோம்னு பங்க்ல போய் 40 வச்சேன். இதுதான் நான் பண்ண பெரிய கிறுக்குத்தனம்.

டொக்கு போகல. அதே டொக்கு, கூடவே வண்டி சின்னச் சின்ன கல்லுக்கெல்லாம் துள்ள ஆரம்பிச்சுச்சு. ஒசூர் ரோட்ல மழையில ஒரு ஜீப்ரா கிராசிங் வெள்ளைக் கோட்டு மேல பிரேக் புடிச்சேன், பின் டயர் ஒரு அடி வழுக்கி நின்னுச்சு. நல்லவேளை அன்னிக்குப் பின்னாடி யாரும் இல்ல. அஞ்சாறு மாசத்துல டயரோட நடுப்பகுதி மட்டும் மொட்டையாயிடுச்சு, ரெண்டு ஓரமும் புதுசு மாதிரி இருக்கு.

அந்த டயர மாத்தப் போன எடத்துலதான் வெளிச்சம் வந்துச்சு. கடைக்காரர் கேஜிஎஃப் பக்கத்து தமிழ்ப் பெரியவர், டயர தடவிப் பாத்துட்டு "எவ்ளோ தம்பி வைக்கிற"ன்னாரு. 40 அண்ணேன்னேன். "டயர்க் காத்து வண்டிய தூக்கிப் புடிக்கத்தான்யா இருக்கு, பள்ளத்த வாங்கிக்கறதுக்கு மேல ஒண்ணு தொங்குதே, அத என்னிக்காச்சும் தொட்டியா?" தொட்டதில்லன்னு அவருக்கே தெரிஞ்சிருக்கும், நாட்ச் வளையம் பூரா சேறு காஞ்சு ஒட்டிப் போயிருந்துச்சு.

அவர் சொன்னத வீட்டுக்கு வந்து அளந்தே பாத்தேன், ஏன்னா நமக்கு நம்பர் இல்லாம தூக்கம் வராது. சென்டர் ஸ்டாண்டு போட்டு பின் சக்கரம் தரையில படாம தொங்குறப்ப ஆக்சில்லேர்ந்து சீட்டுக்குக் கீழ ஒரு குறி வரைக்கும் டேப்ல ஒரு அளவு. அப்புறம் ஸ்டாண்ட எடுத்து, நான் உக்காந்தா எவ்ளோ எறங்குது, அம்மாவும் உக்காந்தா எவ்ளோ எறங்குது. டேப் புடிச்சது வீட்டுக்காரம்மா, அம்மாவுக்கு இது எதுக்குன்னே புரியல, "வண்டிய விக்கப் போறியா"ன்னு கேட்டாங்க. முதல் நாட்ச்ல நான் மட்டும்னா 28 மில்லிமீட்டர், அம்மாவோட 54. ஷாக்கப்போட மொத்த அசைவே ஒரு நூறு சொச்சம்தான், அதுல பாதிக்கு மேல சும்மா உக்காந்ததுக்கே செலவாயிடுச்சுன்னா பள்ளத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்? அதான் டொக்கு. மூணுல ஒரு பங்கு எறங்கினா சரி, கொஞ்சம் கூடுனாலும் ஓகேன்னு வச்சுக்கலாம். நாலாவது நாட்ச்ல அம்மாவோட 40 வந்துச்சு, அதுல நிறுத்திட்டேன்.

ஒண்ணு எல்லாருமே தப்பா சொல்றாங்க, நானும் சொல்லிட்டு இருந்தேன், நாட்ச ஏத்துனா ஸ்பிரிங் கெட்டியாகுதுன்னு. ஆகாது. அதே ஸ்பிரிங்தான், அத கொஞ்சம் முன்கூட்டியே அமுக்கி வைக்கிறோம், அதனால வண்டியோட பின்பக்கம் மேல நிக்குது, கீழ போறதுக்கு எடம் கிடைக்குது. பின்னாடி தொங்குனா முன்சக்கரம் லேசாயி வளைவுல வண்டி சொன்ன பேச்சு கேக்காது, ஹெட்லைட்டு எதிர்ல வர்றவன் மூஞ்சியில அடிக்கும், இது ரெண்டும் நாட்ச ஏத்தினதுமே பாதி சரியாச்சு. நைட்ல எதிர்ல வர்ற லாரிக்காரன் டிப் அடிச்சுத் திட்டுறது நின்னுச்சு.

இனி கை வேலை. நாட்ச் வளையத்தத் திருப்ப டூல்கிட்ல வந்த சி ஸ்பேனர் எங்க போச்சுன்னு தெரியல, ஜேசி ரோட்ல ஒண்ணு வாங்கினேன், அத வாங்கிட்டு வர்ற டிராபிக்லயே அரை நாள் போச்சு. மொத தடவ திருப்புறப்ப சேறுல பிடிச்சிருந்த வளையம் அசையவே இல்ல, பலமா இழுத்தேன், ஸ்பேனர் நழுவி விரல் முட்டி சைலன்சர்ல போய் அடிச்சு ரெண்டு நாள் வீக்கம். அப்புறம் பழைய டூத் பிரஷ்ல சேற தேச்சு எடுத்து, டபிள்யூடி-40 அடிச்சு ராத்திரி பூரா விட்டு, காலையில சென்டர் ஸ்டாண்டு போட்டு வெயிட்டே இல்லாம திருப்பினேன், வெண்ணெய் மாதிரி வந்துச்சு. கிளவுஸ் போட்டுக்கோங்க. ரெண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கைதானான்னு எண்ணிப் பாத்துக்கோங்க, நான் ஒரு தடவ இடது நாலு வலது மூணுன்னு வச்சு ரெண்டு வாரம் ஓட்டியிருக்கேன், ரோடுதான் சாஞ்சிருக்குன்னு நெனச்சுட்டு இருந்தேன். அம்மா இடது பக்கமா உக்காருறாங்களே, இடது மட்டும் ஒரு நாட்ச் ஏத்தலாமேன்னு ஃப்ரெண்டு ஒருத்தன் ஐடியா குடுத்தான். வேணாம். பின்சக்கரத்தப் புடிச்சிருக்கற ஸ்விங் ஆர்ம் ஒரே பீஸ், ஒரு பக்கத்த மட்டும் தள்ளினா அத முறுக்குற வேலைதான் நடக்கும்.

காத்து விஷயத்துல எனக்குப் பெரிய எரிச்சல் பங்க் மெஷின்தான். ஒரு எடத்துல 32ன்னு காட்டினத அடுத்த பங்க்ல பாத்தா 28, இன்னொரு எடத்துல 35. எத நம்புறது? கடைசியா சொந்தமா ஒரு கேஜ் வாங்கி சீட்டுக்கு அடியில வச்சேன், அது கரெக்டோ தப்போ, எப்பவும் ஒரே மாதிரி காட்டும்ல, அது போதும். வீட்லயே காலையில வண்டி எடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும், மேனுவல்ல இருக்கறது ஆறின டயருக்கான அளவு. ஓட்டினா டயர் சூடாகி ரெண்டு மூணு பிஎஸ்ஐ தானா ஏறும், அதப் பாத்துட்டு காத்த எறக்கினா மறுநாள் காலையில கம்மியா நிக்கும். சர்வீஸ் விட்டு எடுக்கறப்ப ஒரு தடவ செக் பண்ணுங்க, எனக்கு ஒரு சர்வீஸ் சென்டர்ல முன்னாடியும் பின்னாடியும் 38 போட்டுக் குடுத்தாங்க, கேட்டா "ரெண்டு நாள்ல எறங்கிடும் சார்".

மொதல்ல கால் பம்ப் வச்சிருந்தேன், இப்ப சார்ஜ் போடற சின்ன மெஷின், 32னு செட் பண்ணா அதுவே நின்னுடும். சத்தம்தான் காலங்காத்தால பக்கத்து வீட்டு நாய எழுப்பிடுது.

தினம் தினம் இத மாத்துறீங்களான்னா, இல்ல, நான் ஒண்ணும் அவ்ளோ ஒழுங்கான ஆளில்ல. நாட்ச் மூணுல நிரந்தரமா கிடக்கு, 55 கிலோ வீட்டுக்காரம்மாவுக்கு அது போதும். வெள்ளிக்கிழமை அம்மாவுக்கு நாலு. அஞ்சு தொட்டது ரெண்டே தடவ, ரெண்டும் சேலம் போய் மல்கோவா மாம்பழம் ஒரு பை கட்டிட்டு வந்தப்ப. காத்து 32லயே விட்டுட்டு திங்கக்கிழமை தனியா ஆபீஸ் போனா கொஞ்சம் கட்டையா இருக்கும், குடிமுழுகிப் போயிடாது. ஆனா 28ல டபுள்ஸ் போறது அப்படி இல்ல, டயர் நசுங்கி நசுங்கி சூடாகுது, பள்ளத்துல ரிம் அடி வாங்குது, என் பின் ரிம்ல ஒரு நெளிவு அந்தக் காலத்து ஞாபகார்த்தமா இன்னும் இருக்கு. அதனால சோம்பேறித்தனம் பண்ணணும்னா 32 பக்கமா பண்ணுங்க. மழைக்காலத்துல மட்டும் தனியா போறப்ப 28க்கு எறக்கிடுவேன், அந்த வெள்ளைக் கோடு மறக்கல.

சேலம் போறப்ப இன்னொரு வேடிக்கை. நம்ம ஊரு 900 மீட்டருக்கு மேல, சேலம் 300க்கும் கீழ, தொப்பூர் மலை ரோடு எறங்கினதும் வெளிக்காத்தோட அழுத்தம் கூடுறதால கேஜ் ஒரு பிஎஸ்ஐ கம்மியா காட்டணும். ஆனா அங்க அடிக்கிற வெயிலுக்கு டயர் சூடாகி அத ஈடுகட்டிடுது, காலையில சேலத்துல பாத்தா பெரிய வித்தியாசம் தெரியல. ஆக அதுக்காக மண்டைய ஒடச்சுக்க வேண்டாம். செயின மட்டும் பாருங்க, ஆள் உக்காந்து ஸ்விங் ஆர்ம் மேல போகப் போக செயின் இறுகும், தனியா நிக்கறப்ப டைட்டா வச்சிருந்தா அம்மா உக்காந்ததும் அது வீணைத் தந்தி மாதிரி ஆயிடும். நான் ஒரு செட் ஸ்ப்ராக்கெட்ட (செயின் ஓடுற பல்சக்கரம்) அப்படித்தான் சீக்கிரமே கொன்னேன்.

போன மாசம் 60,000 தாண்டினதும் இடது ஷாக்கப் எண்ணெய் கசிஞ்சுச்சு, எட்டு வருஷம் ஒழச்சதுக்கு அதுவே ஜாஸ்தி, ஜோடியாவே மாத்திட்டேன். இப்ப புதுசுல மூணாவது நாட்சே பழசோட நாலு மாதிரி மேல நிக்குது, அதனால பழைய கணக்கு எதுவும் செல்லாது, மறுபடி டேப் எடுத்து அளக்கணும். ஆனா 72 கிலோ எடைக்கல்லு இப்ப சேலத்துல அக்கா வீட்ல இருக்கு, ஆடி முடிஞ்சுதான் வருமாம். அதுவரைக்கும் மூணுலயே கிடக்கட்டும்.