9000 ஆர்பிஎம் போதும்: ஹோண்டா எஸ்2000 இன்ஜின், நீண்டகாலப் பயன்பாட்டில்

சிவப்புக் கோடு 9000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் எண்ணிக்கை) தொடங்கும் கார் கைக்கு வந்தால், அதற்கு மேல் போகாமல் எரிபொருளை வெட்டும் லிமிட்டரை 9500-க்கு ஏற்றிப் பார்க்கலாமே என்ற ஆசை கட்டாயம் வரும். எஸ்2000-இல் உள்ள 2 லிட்டர் எஃப்20சி இன்ஜினில் அந்த ஆசைக்கு வரவு சொற்பம், செலவு பெரிது.

இதன் ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 84 மி.மீ. 9000-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர்; 9500-இல் 26.6. ஐந்தரை சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராடையும் அதன் போல்ட்டையும் இழுக்கும் விசை ஆர்பிஎம்மின் வர்க்கத்தோடு ஏறுவதால், அது 11 சதவீதம் கூடிவிடுகிறது. பின்னால் வந்த 2.2 லிட்டர் எஃப்22சி1-இல் ஸ்ட்ரோக் 90.7 மி.மீ. ஆனதும் ஹோண்டாவே எல்லையை 8000-க்கு இறக்கிவிட்டது.

பவராவது கூடுமா? ஜப்பான் மாடலில் உச்ச டார்க் (சுழற்று விசை) 7500-இல் 218 நியூட்டன் மீட்டர், உச்ச பவர் 8300-இல் 250 பிஎஸ். அதற்கு மேல் ஆர்பிஎம் ஏறுவதைவிட டார்க் வேகமாக விழுகிறது. பிறகு 9000 வரை எதற்கு இழுக்க வேண்டும்? கியருக்காக. 9000-இல் இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றினால் முள் 6500-இல் விழும், விடெக் (உயர் ஆர்பிஎம்மில் வால்வுகளை அதிகமாகத் திறக்கும் ஹோண்டாவின் அமைப்பு) விலகாது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போதுதான் 5900-க்குச் சற்றுக் கீழே விழுந்து, விடெக் விலகி, ஒரு கணம் இழுவை தொய்கிறது. ஈசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) டியூனிங்கில் பணம் போடுவதானால், லிமிட்டரைத் தொடாமல் விடெக் மாறும் இடத்தைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். தினசரி ஓட்டத்தில் தெரிகிற மாற்றம் அதுதான்.

இந்த இன்ஜினைக் கொல்வது பெரும்பாலும் லிமிட்டர் அல்ல, தப்பாக விழுந்த கியர். மூன்றில் 9000 தொட்டு, நான்குக்குப் பதில் இரண்டில் போட்டுக் கிளட்சை விட்டால், சக்கரமே இன்ஜினை 12,400-க்குச் சுழற்றப் பார்க்கும். எரிபொருளை வெட்டுவதைத் தவிர லிமிட்டருக்கு வேறு வேலை தெரியாது. ஸ்பிரிங்கால் வால்வை, அதைத் திறக்கும் கேமோடு ஒட்டவைத்துப் பிடிக்க முடியாமல் போகும். வால்வுத் தண்டைப் பிடிக்கும் சிறு பூட்டுகளான காட்டர்கள், ஸ்பிரிங்கின் மேல்மூடியான ரிட்டெய்னருக்குள் அழுந்தி அதில் விரிசல் விடும். உடனே எதுவும் தெரியாமல், பல மாதம் கழித்து வால்வு சிலிண்டருக்குள் விழுவதும் உண்டு. முதல் தலைமுறை ரிட்டெய்னர்கள் இதில் பலவீனமானவை. பழைய வண்டி வாங்கினால் வால்வு கவரைக் கழற்றி, டார்ச் அடித்து, காட்டர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் நிற்கின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. ஒன்று மட்டும் உள்ளே அமுங்கியிருந்தால் அந்த வண்டி ஓவர்ரெவ் ஆனது (எல்லை மீறிச் சுழன்றது) என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கவர் கழன்றிருக்கும்போதே, இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டு வால்வு இடைவெளியையும் பாருங்கள்: இன்டேக் 0.21 முதல் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.25 முதல் 0.29. லேசான டக்டக் சத்தத்துக்குப் பயந்து எக்ஸாஸ்டை இறுக்கிவிடாதீர்கள். இடைவெளி குறைந்த வால்வு சீட்டில் முழுதாக உட்காராது. சூட்டை இறக்கிவைக்க வழியில்லாமல் கருகும்.

ஆயில் குடிப்பது இதன் குணம், அதுவும் 6000-க்கு மேலேயே ஓட்டினால். நிரப்பும்போது பிடிப்பது மொத்தம் ஐந்து லிட்டருக்கும் குறைவு என்பதால், ஒரு லிட்டர் குறைந்தாலே வளைவுகளில் பம்ப் காற்றை இழுக்கும் அபாயம் உண்டு. பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். தண்ணீர் சூடானதாக மீட்டர் காட்டிய பிறகும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் ஆகும். அதுவரை 4000-ஐத் தாண்ட வேண்டாம்.