ரொறொன்ரோவின் 'ஓல் யூ கான் ஈற்' சுஷி: எதைக் கேட்பது, எதை விடுவது

ஆளுக்கு ஒரே விலை, இரண்டு மணித்தியாலம், மேசையில் ஒரு ரப்லெற். ஸ்காபுரோவிலும் மார்க்கத்திலும் இருக்கிற அளவில்லாச் சுஷிக் கடைகள் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன. கொடுத்த காசுக்கு மீன் வருகிறதா, சோறு வருகிறதா என்பது பாதி கடையின் கையில். மீதிப் பாதி ரப்லெற்றில் அழுத்துகிறவரின் கையில்.

மதியத்துக்கும் இரவுக்கும் உள்ள விலை வித்தியாசம் பெரும்பாலும் சஷிமிக்கானது, அதாவது சோறில்லாத பச்சை மீன் துண்டுகளுக்கானது. மதிய மெனுவில் அது இராது, இருந்தாலும் எண்ணித்தான் தருவார்கள். பச்சை மீன் தொடாதவர்கள் கூட்டத்தில் அதிகம் என்றால் மதியமே போதும், இரவுக் காசு வீண். மெனுவில் 35 டொலர் என்று போட்டிருந்தால் 13% வரியும் 15% ரிப்ஸும் சேர ஏறத்தாழ 45 டொலர் ஆகும். குளிர்பானம் அநேகமாகத் தனிக் கணக்கு.

சுஷியின் உயிர் சோற்றில் இருக்கிறது. நிகிரி என்றால் சோற்று உருண்டையின் மேல் மீன் துண்டு வைத்தது. நல்ல நிகிரிக்கு 15 முதல் 20 கிராம் சோறு போதும். அது உடம்புச் சூட்டில், லேசான வினாகிரிப் புளிப்போடு, வாயில் வைத்ததும் பருக்கை பருக்கையாகப் பிரிய வேண்டும். இந்தக் கடைகள் பலவற்றில் சோற்றைப் பிடிப்பது இயந்திரம். ஜப்பானின் சுசுமோ நிறுவனம் 1981இலேயே அப்படியொன்றைச் செய்துவிட்டது. இயந்திரத்தில் பிழை சொல்ல முடியாது. உருண்டையைப் பெரிதாக்குவதும், நேரத்தோடு பிடித்துக் குளிரில் அடுக்கி வைப்பதும்தான் பிழை. குளிரில் கிடந்த சோறு இறுகி, கடித்தால் நொறுங்கும். ஆகவே முதற்சுற்றில் ஆளுக்கு இரண்டு சால்மன் நிகிரி மட்டும் கேட்டுப் பாருங்கள். சோறு பெரிதாகவோ இறுகியோ வந்தால் நிகிரியையும் பெரிய ரோல்களையும் விட்டுவிட்டு, சஷிமிக்கும் அடுப்பில் வாட்டியவற்றுக்கும் மாறுவதே புத்தி. சஷிமியின் நடுவில் பனிக்கட்டி கடிபட்டாலோ தட்டில் தண்ணீர் தேங்கினாலோ உறைய வைத்த மீன் சரியாக உருகவில்லை, அல்லது அவசரமாக உருக்கப்பட்டிருக்கிறது.

ரப்லெற்றில் அடிக்கடி நடக்கும் தவறு எண்ணிக்கையில்தான். '5' என்று அழுத்தினால் சில கடைகளில் ஐந்து துண்டு, சிலவற்றில் ஐந்து தட்டு. தட்டுக்கு மூன்று துண்டென்றால் பதினைந்து வந்து நிற்கும். மிச்சம் வைத்தால் துண்டுக்கு இவ்வளவு என்று பில்லில் ஏற்றுவார்கள், வீட்டுக்குக் கட்டித் தரவும் மாட்டார்கள். மீனை எடுத்துக்கொண்டு சோற்றை ஒதுக்கினாலும் அது மிச்சம்தான். எண்ணிக்கை துண்டா தட்டா, மிச்சத்துக்கு எவ்வளவு என்ற இரண்டையும் உட்கார்ந்ததும் பரிமாறுபவரிடம் கேட்டுவிடுங்கள். சுற்றுக்கு ஆளுக்கு ஐந்தாறு துண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் மேசையும் நிரம்பி வழியாது.

மெனுவில் 'வெள்ளைத் தூனா' அல்லது 'பட்டர் ஃபிஷ்' என்று கண்டால் கவனம். வட அமெரிக்கச் சுஷிக் கடைகளில் அந்தப் பெயரில் வருவது பெரும்பாலும் எஸ்கொலார் என்ற வேறொரு மீன். வெண்ணெய் போல நாவில் கரையும், மிக ருசி. ஆனால் அதன் கொழுப்பு மெழுகு வகையைச் சேர்ந்தது, மனிதக் குடலில் செரிக்காது. கூடுதலாகத் தின்றால் சில மணித்தியாலத்தில் வயிற்றைக் கலக்கி, எண்ணெய் போல அடக்க முடியாமல் போகும். ஜப்பான் 1977இலேயே தடைசெய்துவிட்டது, கனடாவில் விற்கலாம். இரண்டு துண்டு பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் செய்யாது. அளவில்லாத இடத்தில் பத்துத் துண்டு உள்ளே போய்விடுவதுதான் ஆபத்து. சிறுவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டவே வேண்டாம்.

மரக்கறிக்காரருக்கு வெள்ளரிக்காய் ரோலும் அவகாடோ ரோலும் சிக்கல் இல்லாதவை. மிசோ சூப்பின் அடிச்சாறு பொதுவாகக் கருவாட்டுச் சீவலில் எடுத்தது. இனாரி என்ற இனிப்புத் தோஃபுப் பையையும் பெரும்பாலும் அதே சாற்றில்தான் வேகவைப்பார்கள். கலிபோர்னியா ரோலில் உள்ள 'நண்டு' மீன் கூழோடு மாவும் முட்டை வெள்ளையும் சேர்த்துச் செய்தது. அலர்ஜி உள்ளவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். மாவில் தோய்த்துப் பொரித்த வற்றாளைக் கிழங்கு தெம்புரா நல்ல பதார்த்தம்தான், ஆனால் இறாலைப் பொரித்த அதே எண்ணெயா என்று கேளுங்கள். கியோசா என்ற கொழுக்கட்டை போன்ற பண்டத்தில் பன்றி இறைச்சி இருக்கலாம், தெரியாக்கி சோஸில் மிரின் என்ற அரிசி மது சேரும்.

ரொறொன்ரோ நகருக்குள் என்றால் வாசலில் டைன்சேஃப் என்ற நகரச் சுகாதாரப் பரிசோதனை அட்டையைப் பாருங்கள். பச்சை தேறியது, மஞ்சள் நிபந்தனையோடு தேறியது, சிவப்பு மூடப்பட்டது. பச்சை மீன் தின்னப் போகும் இடத்தில் மஞ்சளைக் கண்டால் திரும்பிவிடுவது நல்லது.

கடைசி ஓடரை நேரம் முடிவதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள், அது எப்போது என்று முன்கூட்டிக் கேட்டு வையுங்கள். கூம்பாகச் சுற்றித் தரும் ஹாண்ட் ரோலை அந்தக் கடைசிச் சுற்றில் தனியாகக் கேளுங்கள். மற்றத் தட்டுகளோடு வந்து காத்துக் கிடந்தால் கடற்பாசித் தாள் சோற்றின் ஈரத்தை உறிஞ்சி ரப்பர் போலாகிவிடும். கைக்கு வந்த உடனே கடித்தால் மொறுமொறுவென்று உடையும்.