லாட்ஜில் ஓடும் மேனேஜ்ட் சுவிட்ச்: வாங்கலாமா என்று கேட்ட நண்பனுக்கு

மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்தும் நண்பன், ஒரு ஆஸ்பத்திரி நெட்வொர்க் வேலைக்காக நேற்று போனில் கேட்டான்: “மக்கா, நீ லாட்ஜில போட்டிருக்கிய அந்த சுவிட்ச் வெல கொறஞ்சிருக்கு, எடுக்கட்டா?” கம்ப்யூட்டர், பிரிண்டர் கேபிள்களை எல்லாம் இணைக்கும் நெட்வொர்க் பெட்டிதான் இந்தச் சுவிட்ச்; மேனேஜ்ட் என்றால் அதன் செட்டிங்கை நாமே மாற்றலாம். ஐப்பசி இடியில் அதில் ஒன்று போய், சர்வீஸுக்கு அனுப்பித் திரும்பி வந்ததை மாட்டிவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தேன். அந்தச் சூட்டோடுதான் இதை எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், அவனுக்குத் தெரியும்.

கன்னியாகுமரியில் கடலை ஒட்டிய லாட்ஜ். ரிசப்ஷன், இரண்டாம் மாடி, மொட்டைமாடி என மூன்று இடத்தில் மூன்று சுவிட்ச், மூன்றும் ரிங்காக இணைத்தவை. கேபிளில் ஓடும் டேட்டா பொட்டலமான ஈதர்நெட் பிரேமுக்கு இத்தனை சுற்றோடு சாக வேண்டும் என்ற கணக்கே கிடையாது. வட்டமாக மாட்டினால் எல்லாருக்கும் போகும் ஒரு பிராட்காஸ்ட் செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைத்துவிடும். அதற்காகத்தான் ஸ்பானிங் ட்ரீ என்ற ஏற்பாடு ஒரு சுவிட்சை ரூட் (தலைமை) ஆக்கி, வட்டத்தில் ஒரு போர்ட்டை அடைத்து வைக்கிறது. நான் ரிசப்ஷன் சுவிட்சுக்கு பிரையாரிட்டி 4096 கொடுத்திருக்கிறேன் (எண் குறைந்ததுதான் ரூட்), மற்ற இரண்டும் 32768லேயே கிடக்கின்றன. அதனால் அந்த இரண்டில் எது சர்வீஸுக்குப் போய் வந்தாலும் ரூட் இடம் மாறாது. அடைபட்ட போர்ட் மொட்டைமாடியில்.

இந்த ரிங் விஷயத்தில் சுவிட்ச் தங்கம். சபரிமலை சீசனுக்கு முன்னால் பெயின்ட் அடிக்க வந்தவர்கள், ரிசப்ஷனிலிருந்து மொட்டைமாடிக்குப் போகும் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஒரு புகார் வரவில்லை. வேறு வேலையாகப் போனபோது லாக் பார்த்துத்தான் எனக்கே தெரியும். 1990இல் 802.1டி தரமாக வந்த எஸ்டிபி, அதாவது ஸ்பானிங் ட்ரீயின் பழைய வடிவம் என்றால், அடைபட்ட போர்ட் லிசனிங் நிலையில் 15 விநாடி, லேர்னிங் நிலையில் 15 விநாடி என்று உட்கார்ந்துவிட்டுத்தான் திறக்கும். 2001இல் வந்த அதன் வேகமான வடிவமான ஆர்எஸ்டிபி அந்த போர்ட்டை மாற்று வழி என்று முன்கூட்டியே குறித்து வைத்திருக்கிறது. மெயின் வழி போன உடனே அதைத் திறந்துவிடுகிறது. அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது.

சரி, இப்போது கடுப்பு. சுவிட்சுக்கும் சுவிட்சுக்கும் நடுவேதான் இந்த வேகம். நீட்டுகிற கைக்கு எதிர்க்கை வேண்டும்: ஒரு சுவிட்ச் புரபோசல் அனுப்ப, எதிர்ச் சுவிட்ச் சம்மதம் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் அப்படி எதுவும் சொல்லாது. எனவே அந்த போர்ட் மறுபடி பழைய 30 விநாடிக்கே போகிறது. எதிரே சுவிட்ச் இல்லாத எட்ஜ் போர்ட் என்று குறித்தால் இந்தக் காத்திருப்பு கிடையாது. மூன்று விநாடி பார்த்து, எதிர்ப்பக்கமிருந்து பிபிடியூ (சுவிட்சுகள் தங்களுக்குள் அனுப்பும் ஸ்பானிங் ட்ரீ செய்தி) வராவிட்டால் தானாகவே எட்ஜ் என்று முடிவு செய்யும் வசதியும் தரத்திலேயே இருக்கிறது. இந்தக் கம்பெனி இரண்டையும் ஆஃப் செய்தே அனுப்புகிறது! 24 போர்ட்டில் ரிங் கேபிள் வருவதைத் தவிர மற்றதை ஒவ்வொன்றாகத் திறந்து, டிக் போட்டு, அப்ளை கொடுத்து, அப்புறம் சேவ் என்று வேறொரு பக்கம். சர்வீஸில் எல்லாவற்றையும் அழித்து அனுப்பியிருந்தார்கள், மோட் உட்பட. பழைய எஸ்டிபியில் நின்றது.

எங்கள் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. உப்புக் காற்றில் ஆர்ஜே45 முனையின் பித்தளை நிறம் போய்ப் பச்சை பூக்கும், லிங்க் விட்டு விட்டு வரும். கண் சிமிட்டும் நேரம் விட்டாலும் எட்ஜ் இல்லாத போர்ட்டில் அரை நிமிடம் போச்சு. பச்சை விளக்கு எரியும், டேட்டா போகாது. ரிசப்ஷன் பையன், “அண்ணே, லைட் கத்துது, நெட் கிட்டல்ல” என்று போன் பண்ணுவான். அவன் சொல்வது அப்படியே உண்மை. அதோடு, அந்த போர்ட் திறக்கும் ஒவ்வொரு முறையும் டோபாலஜி (இணைப்பு அமைப்பு) மாறியதாக அறிவித்து, எந்தக் கருவி எந்த போர்ட் பக்கம் என்று மற்ற சுவிட்சுகள் குறித்து வைத்திருக்கும் மேக் டேபிளையும் அழிக்க வைக்கிறது. ஒரு பில்லிங் மெஷின் கேபிளுக்காக மொட்டைமாடி வரை அலைக்கழிப்பு எதற்கு?

பல மரம் போடும் ஸ்பானிங் ட்ரீ வகையான எம்எஸ்டிபி இருக்கிறதா என்றும் கேட்டான். இருக்கிறது. வீலான்களை (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வொர்க்குகள்) குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மரம் போடும். ரீஜன் பெயர், ரிவிஷன் எண், வீலான் பட்டியல் மூன்றும் எல்லாச் சுவிட்சிலும் அச்சாக ஒத்துப்போக வேண்டும். அவன் ஆஸ்பத்திரி வேலைக்கு ஒரே மரம் தாராளம்.

ஹார்டுவேர் உழைக்கிறது, ஃபேன் சத்தம் இல்லை, ரிங் வேலை அருமை. இருந்தாலும் இன்றைக்கு என் பதில்: எடுக்காதே. ஆட்டோ எட்ஜ் ஆன் ஆகி வரும் சுவிட்ச் இதைவிடக் கொஞ்சம் விலை கூடினாலும் அதை எடு. விலையைப் பார்த்து இதையேதான் வாங்குவான் என்றால் என் செட்டிங் ஃபைலை அனுப்புகிறேன். ரிங் கேபிள் வரும் இரண்டு போர்ட்டில் மட்டும் எட்ஜ் டிக் இருக்கக் கூடாது, மற்றதில் எட்ஜோடு, பிபிடியூ வந்தால் போர்ட்டை மூடிவிடும் பிபிடியூ கார்டும் சேர்த்து ஆன்.