நாலாம் வகுப்பை வீட்டில் படிக்க நாங்கள் எடுத்த புத்தகங்கள்

மகளை வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம் என்றதும் எல்லாரும் கேட்பது, "என்ன பாடத்திட்டம் வச்சிருக்கீங்க?" இரண்டு வருஷத்தில் மூன்று வைத்துப் பார்த்தோம். ஒன்றை விட்டாயிற்று, இரண்டு நிலைத்துவிட்டன. வீடு பாளையங்கோட்டையில். மகளுக்கு ஒன்பது வயது. நான் தையல் வேலை எடுத்துச் செய்கிறேன், அதனால் காலையில் இரண்டு மணி நேரம்தான் அவள் பக்கத்தில் உட்கார முடியும். எங்களுக்கு எது சரிப்படும் என்பதை அந்த இரண்டு மணி நேரம்தான் முடிவு செய்தது.

முதலில் வாங்கியது ஒரு அமெரிக்கப் பாடப்பெட்டி, ஒரு வருஷத்துப் புத்தகமெல்லாம் ஒரே பெட்டியில். பதினெட்டாயிரம் ரூபாய். வழவழ தாள், அழகான படங்கள், எந்த நாளில் எந்தப் பக்கம் என்று 36 வாரத்துக்கு அட்டவணை. முதல் வாரமே திணறிவிட்டோம். நீளமெல்லாம் அங்குலத்தில், எடையெல்லாம் பவுண்டில், காசுக் கணக்கு டைம், குவார்ட்டர் என்ற அமெரிக்கக் காசுகளில். கணக்கைப் போடுவதற்கு முன்னால் அந்தக் காசு என்னவென்று அரை மணி நேரம் விளக்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் விட்டுப்போனால் பத்துப் பக்கம் பாக்கி. தீபாவளிக்கு முன்னால் பிளவுஸ் தைத்துக் கொடுக்கிற நெருக்கடியில் அந்தப் பாக்கி நாற்பது பக்கமானது. பிள்ளை பெட்டியைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்படியே கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டேன்.

அப்புறம் என் சித்தி மகள் வீட்டிலிருந்து, மத்திய அரசின் பாடநூல்களைத் தயாரிக்கிற என்.சி.இ.ஆர்.டி.யின் பழைய நாலாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் வந்தது, 'மேத் மேஜிக்'. இதைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் எனக்குப் போதாது. முதல் பாடமே செங்கல். செங்கலை எப்படி அடுக்கினால் என்ன கோலம் வரும், எத்தனை பக்கம், எத்தனை விளிம்பு என்று போகிறது. எங்கள் தெருவில் அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டோம்.

பழைய சாமான் வாங்கி விற்கிற கிரண் என்ற பெண்ணைப் பற்றி ஒரு பாடம் உண்டு. அதில் நிறையப் பெருக்கல் வரும். அதைப் படித்த வாரம் பழைய பேப்பர் அண்ணாச்சி வந்தார். பதினொரு கிலோ, கிலோ பதிமூணு ரூபாய். அவர் நூற்று நாற்பதை எண்ணி நீட்டினார். இவள் வாசல்படியில் நின்றபடியே, "பத்து கிலோவுக்கு நூத்து முப்பது, ஒரு கிலோவுக்குப் பதிமூணு. இன்னும் மூணு ரூபா தரணும் அண்ணாச்சி" என்றாள். அவர் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார். பத்தாகவும் ஒன்றாகவும் பிரித்துப் பெருக்குவதை நான் சொல்லித் தரவில்லை, புத்தகம்தான் சொல்லித் தந்தது.

குறையும் உண்டு. பயிற்சிக் கணக்கு மிகக் குறைவு. வாய்ப்பாடும் வகுத்தலும் கையில் படிய, தினமும் பத்துக் கணக்கு நானே நோட்டில் எழுதிக் கொடுக்கிறேன். ஆங்கிலத்தில் இருப்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துச் சொல்லவும் வேண்டும். இப்போது நாலாம் வகுப்புக்கு 'மேத்ஸ் மேளா' என்ற புதுப் புத்தகம் வந்திருக்கிறது. அதையும் என்.சி.இ.ஆர்.டி. தளத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

தமிழுக்கு நம் தமிழ்நாட்டுப் பாடநூல்தான். மூன்று பருவத்துக்கும் தனித்தனிப் புத்தகம் என்பதால் கனமும் இல்லை, மலைப்பும் இல்லை. பாடத்துக்குப் பின்னால் வரும் கேள்விகளில் பாதியை நாங்கள் தொடுவதில்லை, அவை மனப்பாடத்துக்குத்தான் உதவும். பாடங்கள் நன்றாக இருக்கின்றன. பனைமரச் சிறப்பு பாடம் வந்தபோது உடன்குடிப் பக்கம் அத்தை ஊருக்குப் போயிருந்தோம். பனையேறும் தாத்தா ஒருவர் கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். "எதுக்குத் தாத்தா?" என்று கேட்டாள். "தடவலேன்னா புளிச்சுக் கள்ளாயிரும் தாயி, தடவினாத்தான் பதநீரு" என்றார். அன்று ராத்திரி அவளாகவே உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினாள். ஒற்றுப்பிழை நிறைய இருந்தது. அன்றைக்கு நான் எதையும் திருத்தவில்லை.

"பரீட்சைக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்கிறவர்களுக்கு: பதினான்கு வயது நிறைந்தால் என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம். ஐந்து பாடம் தேறினால் சான்றிதழ். பதிவு ஐந்து வருஷம் செல்லும், அதற்குள் ஒன்பது வாய்ப்பு. பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்றும் இல்லை. அதனால் ஒன்பது வயதிலேயே ஏதோ ஒரு போர்டைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அவசரம் எங்களுக்கு இல்லை.

பாடப்பெட்டி வாங்க நினைக்கிறவர்கள் பணம் கட்டுவதற்கு முன்னால் மாதிரிப் பக்கம் கேட்டு வாங்குங்கள். ஒரு வாரம் அதை வைத்துச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கள், அதுவும் வீட்டில் வேலை அதிகமாக இருக்கிற வாரமாகப் பார்த்து. எங்களுக்கு அடுத்த மாதம் மூன்றாம் பருவம் தொடங்குகிறது. புத்தகம் வாங்கியாயிற்று, அட்டை போட்டு வைத்திருக்கிறாள்.