தெற்குப் பார்த்த கடையில் ஒரு சோலார் ராட்டினம்: ஒன்றரை வருட அனுபவம்

என் கடையிலிருக்கும் மேஜை ராட்டினத்துக்கு நேற்று ஐந்தாவது கியர் மோட்டாரை மாட்டினேன். கையில் ஒட்டின கிரீஸைத் துடைப்பதற்குள் சேலத்திலிருந்து நண்பர் போன். அவரும் சோலார் டீலர்தான், புது ஷோரூம் போடுகிறார். "உங்க கடையில குழந்தைங்களுக்கு ராட்டினம் வெச்சிருக்கீங்கல்ல, அதே மாதிரி நானும் பண்ணலாமா? எவ்ளோ ஆகும்?" என்றார். போனில் நான் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. கொஞ்சம் ஆறிய பிறகு எழுதுவது இது.

சாமான் விவரம் நம் ஆட்களுக்குப் புதிதில்லை. நாலடிக்கு இரண்டரை அடி பிளைவுட் மேஜை, 10 வாட் பேனல், ஒரு ராட்டினம், ஒரு பம்ப்செட் தொட்டி. பேட்டரி கிடையாது, வேண்டுமென்றேதான் வைக்கவில்லை. வெயில் பட்டால் சுற்றணும், மறைந்தால் நிற்கணும். அது கண்ணுக்குத் தெரியாவிட்டால் இதற்கும் திருவிழாக் கடை பொம்மைக்கும் என்ன வித்தியாசம்?

2024 பொங்கலன்று திறந்தோம். என் கடை ஈரோட்டில், தெற்குப் பார்த்த வாசல், முகப்பு முழுக்க எட்டடி உயரக் கண்ணாடி. தை மாத மதிய வெயில் உள்ளே வந்து இரண்டடி டைலில் மூன்றாவதன் பாதி வரை படுத்துக் கிடக்கும். மேஜையைக் கண்ணாடி ஓரமாகப் போட்டு, பேனலை வெயிலில் வைத்தேன். ராட்டினம் ஜம்மென்று சுற்றியது. பம்ப்செட்டிலிருந்து தண்ணீர் கொட்டி, வாய்க்காலில் ஓடி, திரும்பவும் தொட்டிக்கே வந்தது. வந்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு ராட்டினத்தைவிடப் பம்ப்செட்தான் பிடித்தது. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தொட்டியைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. இதுவரை அந்தப் பம்பிலிருந்து நான் எடுத்தவை: ஹேர்கிளிப், ஊறிப்போன பிஸ்கட், ஒரு ஐந்து ரூபாய் நாணயம், யாருடையதோ தெரியாத ஒரு பால் பல்.

பிப்ரவரியில், வீட்டுக் கூரையில் சோலார் போட மானியம் தரும் பிரதமரின் சூர்ய கர் திட்டம் வந்தது. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் குடும்பம் குடும்பமாக விசாரிக்க வந்தார்கள். ஈபி பில், நெட் மீட்டர், வங்கிக் கடன் என்று பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் பிள்ளைகள் மேஜையைச் சுற்றியே நின்றார்கள். நான் நினைத்தது அவ்வளவுதான், பெரியவர்களை நிம்மதியாகப் பேச விடுவது.

நினைக்காத ஒன்றும் நடந்தது. ஒரு பையன் பேனல் மேல் கையை வைத்தான். ராட்டினம் நின்றது. எடுத்தான், சுற்றியது. பிறகு உள்ளங்கையை ஒரே ஒரு கட்டத்தின் மேல் மட்டும் வைத்தான். அப்போதும் நின்றது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை, பிஸ்கட் பாக்கெட் உறையை மடித்து அதே கட்டத்தில் வைத்துப் பார்த்தான். பேச்சை நிறுத்திவிட்டு அவன் தாத்தா எழுந்து வந்தார். "இத்துணூண்டு மறைச்சதுக்கா நிக்குது?"

அந்தப் பேனலில் இருக்கிற 36 கட்டங்களும், அதாவது செல்களும், ஒரே வரிசையில் கோத்தவை. வாய்க்காலில் ஓர் இடத்தில் மண்ணைப் போட்டு அடைத்தால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது இல்லையா, அது மாதிரிதான். கூரைக்குப் போகிற பெரிய பேனலில், மறைந்த பகுதியைச் சுற்றிக் கரண்டைக் கடத்திவிட வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடு இருக்கும், ஒரு செல் மறைந்தால் மூன்றில் ஒரு பங்குதான் போகும். இந்தச் சின்னப் பேனலில் அது இல்லை. இதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். ஆனாலும் அன்றைக்கே மனதை மாற்றிக்கொண்டார். தென்னைமரத்தை ஒட்டின மொட்டை மாடி வேண்டாம், மாட்டுக் கொட்டகைக் கூரையில் போட்டுவிடலாம் என்றார். நிழல் விழும் இடத்தில் போடாதீர்கள் என்று பத்து வருடமாகத் தொண்டை வறளச் சொல்கிறேன். "கொஞ்சம் நிழல்தானுங்களே" என்பார்கள். அந்தப் பேச்சு இந்த மேஜை வந்த பிறகு என் கடையில் கேட்டதில்லை. இந்த ஒரு விஷயத்துக்காக அதைத் தலையில் வைத்துக் கொண்டாடலாம்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்ல பதிவாக இருந்திருக்கும்.

பங்குனி பிறந்ததும் ராட்டினம் மக்கர் செய்ய ஆரம்பித்தது. விரலால் லேசாகத் தள்ளினால் இரண்டு சுற்று சுற்றி நிற்கும். பிறகு அதுவும் இல்லை. மீட்டர் வைத்தேன், பேனலில் 18 வோல்ட் காட்டியது. 18 வோல்ட் வருகிறது, அப்படியானால் மோட்டார் போச்சு என்று முடிவு கட்டினேன். புதுசு மாட்டினேன், சுற்றவில்லை. இன்னொன்று மாட்டினேன், அதுவும் சுற்றவில்லை. மோட்டார் விற்ற கடைக்காரரைப் போனில் பிடித்து, அவர் விற்பது தகர டப்பா என்கிற ரீதியில் பேசிவிட்டேன். பேனலையும் மாற்றினேன்.

தரை துடைக்க வரும் அக்கா ஒருநாள் வாளியோடு நின்றபடி சொன்னார்: "முன்னெல்லாம் இந்த டைல் வரைக்கும் வெயில் வருமுங்க, தொடச்ச ஒடனே காஞ்சிரும். இப்ப வர்றதே இல்லீங்க, வழுக்குது."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஈரோடு இருப்பது சுமார் பதினொன்றேகால் டிகிரி வடக்கில். ஏப்ரல் 20 வாக்கில் மதியச் சூரியன் நேராக உச்சந்தலைக்கு வரும். அதற்குப் பிறகு நம்மைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் 23 வாக்கில்தான் திரும்பி வரும். அந்த நாலு மாதமும் விடிந்ததிலிருந்து அடையும் வரை அதன் போக்கு வடபக்கம்தான். தெற்குச் சுவரில் நேர் வெயில் ஒரு பொட்டுகூட விழாது. ஊரே வேகிற அக்னி நட்சத்திரத்தில், பள்ளிக்கூடம் லீவு விட்டுப் பிள்ளைகள் வருகிற அதே மாதத்தில், என் சோலார் ராட்டினத்துக்கு வெயில் இல்லை. தெற்குப் பார்த்து 11 டிகிரி சாய்த்து வையுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் நான். கூரையில் அந்தச் சாய்வு சரி, நின்றுகொண்டிருக்கிற கண்ணாடிக்கு அது ஆகாது. மீட்டர் விஷயம் அதைவிட வெட்கம். லோடு, அதாவது மோட்டார், மாட்டாமல் பார்த்தால் மங்கலான வெளிச்சத்திலும் வோல்ட் காட்டத்தான் செய்யும். பேனலின் இரண்டு ஒயரையும் மீட்டர் வழியாக நேராகச் சேர்த்து, எவ்வளவு கரண்ட் (ஷார்ட் கரண்ட்) வருகிறது என்று பார்த்திருக்கணும். நேற்று வேலைக்குச் சேர்ந்த பையன் செய்திருந்தால் அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். மோட்டார் கடைக்காரரிடம் நேரில் போய்ப் பேசினேன். சிரித்தார், ஆனால் அதற்குப் பிறகு எனக்குக் கடன் தருவதில்லை.

ஜூன் மாதம் பேனலைச் சன்ஷேட் மேல் ஏற்றி ஒயரை உள்ளே இழுத்தேன். நாள் முழுக்கச் சுற்றியது. பிள்ளைகள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அப்பாவின் போனை வாங்கப் போய்விட்டார்கள். கை வைத்து நிறுத்த முடியாத ராட்டினம் அவர்களுக்கு எதற்கு?

போன கோடைக்கு உள்ளேயே ஒரு சூரியனைத் தொங்கவிட்டேன். முதலில் எல்இடி ஃபோகஸ் லைட். கண் கூசியதே தவிர ராட்டினம் அசையவில்லை. சிலிக்கான் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் ஒரு பகுதியையும் கரண்டாக்கும். ஆலசன் பல்பு அதை வாரி இறைக்கும், எல்இடியில் அது கிட்டத்தட்டக் கிடையாது. ஆகவே 500 வாட் ஆலசன், பேனலுக்கு இரண்டடி மேலே, கை படாமல் வலை போட்டு. ராட்டினம் சுற்றியது, பம்ப் முனகியது. ஏசி போட்ட கடைக்குள் 500 வாட் அடுப்பு. எட்டு மணி நேரம் எரிந்தால் 4 யூனிட். பெருந்துறைப் பக்கமிருந்து வந்த ஒரு பெரியவர் பிளக்கில் ஆரம்பித்து ஒயரைக் கண்ணாலேயே தொடர்ந்து பேனல் வரை வந்து, "ஏனுங்க தம்பி, கரண்டுல லைட்டப் போட்டு, அந்த லைட்டுல கரண்டு எடுக்கறீங்களாக்கும்?" என்றார். பதில் சொல்லத் தெரியவில்லை. மறுநாளே காலிங்பெல் சுவிட்ச் ஒன்று வைத்து, அழுத்தினால் ஒரு நிமிடம் மட்டும் எரிகிற மாதிரி செய்தேன். புரட்டாசியிலிருந்து மாசி வரை நிஜ வெயில், மிச்ச நாளெல்லாம் அந்த சுவிட்ச். இப்போது ஓடுவது இப்படித்தான்.

மோட்டார் பற்றி ஒரு வரி. பிள்ளைகள் ராட்டினத்தைக் கையால் சுற்றுவார்கள், தடுக்க முடியாது. மூன்றாவது மோட்டாரின் கியர் பல் அப்படித்தான் போனது. நேரடி இணைப்பை எடுத்துவிட்டுத் தையல் மெஷின் பெல்ட் போட்டேன். முரட்டுத்தனமாகச் சுற்றினால் பெல்ட் வழுக்கும், பல் தப்பிக்கும். நாலாவது ஒரு வருடத்துக்கு மேல் உழைத்து, உள்ளே இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்து, நேற்று ஓய்ந்தது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

ஆக, நண்பரே: பண்ணாதீர்கள். மோட்டார், பேனல், ஆலசன் எல்லாம் சேர்த்து இதுவரை 14,600 ரூபாய். வாரம் ஒரு தடவை தொட்டியில் பாசி தேய்க்கணும். லீவு நாளில் கூட்டம் சேர்ந்தால் யார் கை வைப்பது என்று அடிதடி. என்னுடையதை எடுத்துவிடலாமே என்று கேட்காதீர்கள், அந்தப் பேச்சே வேண்டாம்.

அப்படியும் பண்ணுவதென்றால், விலையை விடுங்கள், கடை எந்தத் திசை என்று முதலில் சொல்லுங்கள். வடக்குப் பார்த்தது என்றால் கோடை லீவில் கண்ணாடியை ஒட்டியாவது வெயில் விழும், மார்கழியில் உட்கார்ந்து என்னைத் திட்டுவீர்கள். மோட்டார் வாங்க வேண்டாம். நான் கழற்றிப் போட்ட நாலில் முதல் இரண்டும் நல்ல மோட்டார்தான். பெல்ட் போட்ட பிறகு அந்த வேகம் எனக்கு ஒத்துவரவில்லை, டிராயரில் கிடக்கின்றன. ஈரோடு பக்கம் வந்தால் எடுத்துக்கொண்டு போங்கள்.